புதிய ரயரும் பழைய ரியூபும்

வீடு கட்டுவோர் வாசற்கதவுக்கு நல்ல மரம் தேடி அலைவர். அத்திவாரத்தில் இட்ட கல்லைப் பின்னர் எவரும் நினைப்பதில்லை. மோட்டார்ச் சைக்கிள் வைத்திருப்போர் பலர் செய்வதும் இதுவே. இயந்திரத்தின் ஓசையைக் கூர்ந்து கேட்பர். பெற்றோல் தாங்கியைத் துடைத்து முகம் பார்க்கும் கண்ணாடியாக்குவர். விளக்கையும் கைபிடியையும் மாற்றி அழகுபடுத்துவர். ஆனால் இவற்றுள் ஒன்றேனும் வீதியைத் தொடுவதில்லை. ஓடும் மோட்டார்ச் சைக்கிள் வீதியைத் தொடும் இடங்கள் இரண்டே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவினது. வண்டியின் பாரமும் அதன்மேல் அமர்ந்தோரின் உயிரும் அவ்விரண்டு உள்ளங்கைகளிலேயே தங்கியிருக்கின்றன.

நம்மிடம் முன்னர்ப் பயின்று இப்பொழுது வன்னியில் ஆசிரியராகக் கடமையாற்றும் அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரக் கட்டுரைக்குப் பொருளாயிற்று. அவரிடம் இருப்பது பஜாஜ் அவெஞ்சர் குறூஸ் என்னும் மோட்டார்ச் சைக்கிள், பிறரிடமிருந்து வாங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் மனைவியைப் பின்னிருத்தி ஏ-9 வீதி வழியே யாழ்ப்பாணம் வருவதும், ஞாயிறு மாலை திரும்பிச் செல்வதும் அவர் வழக்கம். பின்சில்லின் ரயர் மொட்டையாகிவிட்டது. புதிது வாங்கச் சென்ற இடத்தில் மூவர் மூன்று விதமாகக் கூறினராம். “ரியூப்லெஸ் ரயரைப் போடுங்கள், மாஸ்ரர், ஆணி குத்தினாலும் காற்றுப் போகாது,” என்றார் ஒரு கடைக்காரர். “ரயரை மட்டும் மாற்றினாற் போதும், பழைய ரியூப் நன்றாகத்தான் இருக்கிறது, வீண் செலவு எதற்கு?” என்றார் மற்றொருவர். “இன்னும் ஓர் அளவு அகலமானதைப் போட்டாற் பார்வைக்கு எடுப்பாக இருக்கும்,” என்றார் உடன் சென்ற நண்பர். எவர் சொல்லை ஏற்பது என்பதே அன்பரின் வினா.

மூவரும் தீய எண்ணத்தாற் கூறியவர் அல்லர். எனினும் மூவர் கூற்றும் ஒரே பிழையிற் பிறந்தவை. ரயரை அவர்கள் தனிப்பொருளாகக் கருதிவிட்டனர். கம்பிச் சில்லில் ரயர் தனிப்பொருள் அன்று. றிம், றிம்மைச் சுற்றிய நாடா, ரியூப், ரயர் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு குடும்பம் அது. குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்படும் நோய் மற்றவரையும் வருத்துவது போல, இந்நான்கில் ஒன்று பழுதாயினும் ஏனைய மூன்றும் பயன்படா. ஆதலின் ரயரைத் தெரிவு செய்வதென்றால் நான்கையும் ஒருங்கே தெரிவு செய்வது என்றே கொள்ளல் வேண்டும்.

காற்றை அடைத்த கதை

காற்றைக் குழாயில் அடைத்து அதன்மேல் வண்டியை ஓட்டலாம் என்னும் எண்ணம் முதலில் உதித்தது ஸ்கொத்லாந்து நாட்டவரான றொபேட் வில்லியம் தொம்சனுக்கு. 1845ஆம் ஆண்டில் அவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அக்காலத்தில் அதனைப் பயன்படுத்துவார் இன்மையால் அது மறக்கப்பட்டது. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லொப், தம் மைந்தனின் மூன்று சில்லு வண்டி குலுங்காது ஓடுதற்கு இறப்பர்க் குழாயிற் காற்றை அடைத்துப் பூட்டினார். இன்று நாம் ரியூப் என வழங்குவது அக்குழாயின் வழித்தோன்றலே.

இக்கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டன. அவ்வாறு முளைத்த கன்றுகள் 1876ஆம் ஆண்டில் இங்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1952ஆம் ஆண்டில் சீனாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நாம் இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றோம். மோட்டார்ச் சைக்கிள் ரயர்கள் இன்று நம் நாட்டிலேயே உற்பத்தியாகின்றன. இறப்பரை உலகுக்கு அளித்த நாட்டில் வாழ்வோர் இறப்பரின் இயல்பை அறியாதிருத்தல் அழகன்று.

ரியூப் ஏன் வேண்டும்?

குறூஸர் என்று சொல்லப்படும் மோட்டார்ச் சைக்கிள் நெடுந்தூரச் சவாரிக்கென அமைந்தது. அதன் ஆசனம் தாழ்ந்திருக்கும், கைபிடி உயர்ந்திருக்கும், பின்சில்லு சிறிதாயும் அதன் ரயர் பருமனாயும் இருக்கும். பஜாஜ் நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகம் செய்த அவெஞ்சர் இவ்வகையினது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த குறூஸ் 220 என்னும் மாதிரிக்கு, பழைய தோற்றம் கெடாதிருத்தற் பொருட்டுக் கம்பிச் சில்லுகளே பூட்டப்பட்டன.

கம்பிச் சில்லின் றிம்மிற் பல துளைகள் உள. ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு கம்பியின் முனை திருகி இறுக்கப்பட்டிருக்கும். துளைகள் நிறைந்த பாத்திரத்தில் நீர் நில்லாதவாறே, இத்தகைய றிம்மிற் காற்றும் நில்லாது. ஆதலினாலேயே காற்றைத் தாங்குதற்கு ரியூப் என்னும் தனிப்பை வேண்டியதாயிற்று. ரியூப் இல்லாத ரயருக்கென வார்க்கப்படும் றிம்முக்கு இத்துளைகள் இல்லை. அன்றியும், ரயரின் உள்விளிம்பு நழுவாதிருத்தற்கு அதன் உட்புறத்தே ஒரு சிறு மேடும் அமைந்திருக்கும். சாதாரணக் கம்பிச் சில்லின் றிம்மில் அம்மேடு இருப்பதில்லை.

இனி முதலாவது கடைக்காரர் கூற்றை ஆராய்வோம். ரியூப்லெஸ் ரயரில் ஆணி குத்தினாற் காற்று மெல்ல மெல்லவே வெளியேறும் என்பது உண்மை. ரயரின் உட்புறத்தை மூடிய இறப்பர்ப் படை ஆணியை இறுகப் பற்றிக்கொள்வதே அதற்குக் காரணம். ஆனால் அந்த ரயரைக் கம்பிச் சில்லிற் பூட்டும்பொழுது உள்ளே ரியூபும் இட வேண்டுமன்றோ? ஆணி ரயரைக் கடந்து ரியூபைத் துளைக்கும். ரியூபின் மெல்லிய சுவர் கிழியும். வெளியேறும் காற்று றிம்மின் துளைகள் அனைத்தின் வழியாகவும் ஒரு நொடியிற் போய்விடும். ரயரின் பக்கத்தில் எழுதப்பட்ட சொல் அங்கு ஒரு பயனும் தராது. ரியூப் இட்ட ரயர் எவ்வகையினதாயினும் அது ரியூப் ரயராகவே நடந்துகொள்ளும். இதனை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். ஏனெனில், காற்றுப் போகாது என்று நம்பியவன் வேகத்தைக் குறைக்க மாட்டான்.

அவ்வாறாயின், ரியூப்லெஸ் ரயரைக் கம்பிச் சில்லிற் பூட்டவே கூடாதா? அளவு பொருந்தி, ரயரைச் செய்த நிறுவனமும் அதற்கு இடமளிப்பின், ரியூப் இட்டுப் பூட்டலாம். எனினும், ரியூபுக்கென்றே செய்யப்பட்ட ரயர் அதே அளவிற் கிடைக்குமாயின் அதனையே முதலிற் கொள்ளுக என்பது நம் கருத்து. ரியூப்லெஸ் ரயரின் உள்விளிம்பு மிக இறுக்கமானது. நெம்புகம்பியால் அதனை ஏற்றும்பொழுது உள்ளிருக்கும் ரியூப் நசுங்கிக் கிழிய இடமுண்டு. சில ரயர்களின் உட்புறம் வழவழப்பாக இராது. அதில் ரியூப் உராயும். உராய்வாற் சூடு மிகும். இனி, றிம்மின் துளைகளைப் பசையால் அடைத்து ரியூப் இல்லாமலே ஓட்டலாம் என்று கூறுவாரும் உளர். ரயரைத் தாங்கும் மேடு இல்லாத றிம்மில், வீட்டிற் செய்த அடைப்பை நம்பி மனைவி மக்களை ஏற்றிச் செல்வது தகாது.

பக்கச் சுவரிலுள்ள பாடம்

ரயரின் பக்கச் சுவரில் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருப்பதை யாவரும் கண்டிருப்பர், படித்தவர் சிலரே. கணிதம் பயிலும் மாணவருக்கு இது நல்லதொரு பயிற்சியுமாகும்.

அவெஞ்சர் குறூஸ் 220இன் பின் ரயரின் அளவு 130/90-15 என்பது. முதலிலுள்ள 130 ரயரின் அகலத்தை மில்லிமீற்றரிற் கூறும். 90 என்பது அகலத்தில் நூற்றுக்கு 90 பங்கு ரயரின் சுவர் உயரம் என்பதைக் குறிக்கும். அஃதாவது 117 மில்லிமீற்றர். 15 என்பது றிம்மின் விட்டம். அது அங்குலக் கணக்கு. இவற்றைக் கொண்டு முழுச் சில்லின் விட்டத்தையும் நாமே கணக்கிடலாம். 15 அங்குலம் 381 மில்லிமீற்றர். அதனுடன் சுவர் உயரத்தை இருமுறை கூட்டினால் 615 மில்லிமீற்றர் ஆகும். முன் ரயரின் அளவு 90/90-17. அதன் விட்டம் இவ்வாறே ஏறக்குறைய 594 மில்லிமீற்றர் என வரும்.

இக்கணக்கை அறிந்தோர் நண்பரின் யோசனைக்கும் விடை காணலாம். பின்சில்லில் 140/90-15 பூட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவர் உயரம் 126 ஆகும். விட்டம் 633 ஆகும். அகலம் 10 மில்லிமீற்றர் கூடியதுடன் சில்லின் விட்டமும் 18 மில்லிமீற்றர் கூடிவிட்டது. சங்கிலிக்கும் ரயருக்கும் இடையிலுள்ள வெளி சுருங்கும். சில்லு பெருத்தமையால் இயந்திரத்தின் இழுவை நூற்றுக்கு மூன்று பங்களவு குறையும். அன்றியும், 130 அளவுக்கு அமைந்த றிம்மில் அதனினும் அகன்ற ரயரை ஏற்றினால், அதன் அடி நெருக்கப்பட்டு முதுகு வளைந்து உருண்டையாகும். அகலமான ரயர் வாங்கியவர் வீதியைத் தொடும் பரப்பிற் கூடுதல் பெறாது போவதும் உண்டு. வளைவுகளில் வண்டி சாயும் முறையும் மாறும்.

முன்சில்லில் இவ்வாறு மாற்றுவது இன்னும் தீது. 90/90-17 இருந்த இடத்தில் 110/90-17 பூட்டினால் விட்டம் 594இலிருந்து 630 ஆகும். நூற்றுக்கு ஆறு பங்கு கூடுதல். சேறுதாங்கியில் ரயர் உராயக்கூடும். வேகமானி முன்சில்லிலிருந்து இயங்கும் வண்டியாயின், 60 கிலோமீற்றர் என அது காட்டும்பொழுது உண்மை வேகம் ஏறக்குறைய 64 ஆக இருக்கும். பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்பதற்காகத் தவறாகக் காட்டும் கருவி ஒன்றைக் கண்முன் வைத்துக்கொள்வது அறிவுடைமையன்று. வண்டியைச் செய்தவர் குறித்த அளவையே கொள்ளுக.

அளவை அடுத்து, இரண்டிலக்க எண் ஒன்றும் ஆங்கில எழுத்து ஒன்றும் இருக்கும். எண் சுமையைக் குறிப்பது. அது கிலோக் கணக்கன்று. அட்டவணையைப் பார்த்து அறிய வேண்டிய குறி எண். அவெஞ்சரின் பின் ரயரில் 66 எனக் காணப்படும். அதன் பொருள் 300 கிலோ. முன் ரயரின் 49க்குப் பொருள் 185 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிப்பது. ஆங்கில நெடுங்கணக்கின் 16ஆம் எழுத்தாகிய “பி” இருப்பின், அந்த ரயர் மணிக்கு 150 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பது பொருள். இதனை ஓட்டுவோருக்குக் கொடுத்த அனுமதியாகக் கொள்ளற்க. அது ரயரின் வலிமைக்கு இட்ட எல்லையே.

சுமை எண்ணிற் குறைந்த ரயரை மலிவு கருதி வாங்குவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. வண்டி ஏறக்குறைய 160 கிலோ, ஓட்டுபவர் 75, பின்னிருப்பவர் 65, பைகள் 15, ஆக 315 கிலோ. இதில் மூன்றில் இரண்டு பங்களவு பின்சில்லின்மேல் விழும் என்று கொள்வோம். 210 கிலோ ஆகும். “அப்படியாயின் 58 என்ற எண்ணுடைய, 236 கிலோ தாங்கும் ரயரே போதுமே,” என்று ஒருவர் கூறலாம். ஏட்டளவிற் போதும். ஆனால் வீதி ஏடன்று. குழியில் விழுந்தெழும் கணத்தில் ரயர் தாங்கும் அடி அசையாது நிற்கும் சுமையினும் பன்மடங்கு கூடியது. எஞ்சியிருக்கும் வலிமை அத்தகைய கணங்களுக்காகவே வைக்கப்பட்டது. ஆதலின் குறித்த எண்ணுக்குக் குறைந்ததைத் தொடற்க. கூடியது கிடைப்பின் கொள்ளலாம்.

இறப்பருக்கும் வயதுண்டு

பக்கச் சுவரில் இன்னும் ஒன்று தேடிப் படிக்க வேண்டியுளது. அது நான்கு இலக்கங்கள் அடங்கிய ஒரு சிறு கட்டம். முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது கிழமை என்பதையும், பின்னிரண்டும் எந்த ஆண்டு என்பதையும் தெரிவிக்கும். 3523 என்றிருந்தால், 2023ஆம் ஆண்டின் 35ஆம் கிழமையில் அந்த ரயர் செய்யப்பட்டது என்பது பொருள்.

இறப்பர் ஓடாமற் கிடந்தாலும் முதுமை அடையும். வெயிலும் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதன் நெகிழ்ச்சியைக் கெடுக்கும். வெட்டுக்கள் ஆழமாகவும் தோற்றம் கருமையாகவும் இருக்கும். ஆனால் இறப்பர் கடினமாகி ஈரத் தரையைப் பற்ற மாட்டாது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு தொடங்கி 2025 வரை வாகன இறக்குமதி பெரும்பாலும் தடைப்பட்டிருந்தது. ஆதலாற் பலர் பழைய வண்டிகளையே பேணிவர வேண்டியதாயிற்று. 15 அங்குலப் பின் ரயர் போன்றவை நாளாந்தம் விற்பனையாகும் பொருள்களும் அல்ல. கடையின் மேற்றட்டில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தது கைக்கு வந்து சேரக்கூடும். பாற்பேணி வாங்கும்பொழுது திகதியைப் பார்க்கும் நம் இல்லத்தரசிகளின் பழக்கம் ரயர்க் கடையிலும் வேண்டும். ஓராண்டு, ஈராண்டுக்குள் செய்யப்பட்டதைக் கேட்டுப் பெறுக. ஐந்தாண்டு ஓடிய ரயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டிச் சோதிப்பிக்க. செய்து பத்தாண்டு கடந்ததை, அது எத்துணைப் புதிதாகத் தோன்றினும், கழித்துவிடுக.

தேய்வை அறிவதற்கும் வழியுண்டு. வெட்டுக்களின் அடியில் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். மோட்டார்ச் சைக்கிள் ரயரில் அவற்றின் உயரம் ஒரு மில்லிமீற்றர் அளவே. ரயர் தேய்ந்து அம்மேடுகளோடு சமமாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது. மழைநீரை ஒதுக்கித் தள்ளுவதே வெட்டுக்களின் தொழில். மாரிகாலத்தில் நீர் தேங்கிய வீதியில் மொட்டை ரயர் தரையைத் தொடாது நீர்ப்படலத்தின்மேல் வழுக்கும். அப்பொழுது தடையை அழுத்தியும் பயனில்லை. பின் ரயரே விரைவில் தேயும் என்பதால் முன் ரயரைப் பலர் மறந்துவிடுவர். திசை திருப்புவதும், தடை போடும்பொழுது பெரும்பாரத்தைத் தாங்குவதும் முன் ரயரே. பணத்தை மிச்சம் பிடிக்கத் தகாத இடம் அது. பழைய ரயருக்குப் புதுத்தோல் ஒட்டியதை மோட்டார்ச் சைக்கிளில் எச்சில்லுக்கும் கொள்ளற்க.

பழைய ரியூபின் கதை

இரண்டாவது கடைக்காரர் பழைய ரியூபே போதும் என்றார். இதுவே நம் மக்களிடையே மிகுதியாகப் பரவிய தவறு. சிக்கனம் நம் குடும்பங்களின் நற்பண்பு. அதனை நாம் இகழ மாட்டோம். ஆனால் சிக்கனத்துக்கும் இடமறிதல் வேண்டும்.

ரயரினுள் இருந்து பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடிய ரியூப் முன்னிருந்த அளவிலும் விரிந்துவிடும். அதனைப் புதிய ரயருள் இடும்பொழுது மிகுதியான பகுதி மடிந்து நிற்கும். மடிப்பு ஒன்றோடொன்று உராயும்; மடிந்த இடம் மெலியும்; ஒருநாள் ஆணியும் முள்ளும் இன்றியே அது வெடிக்கும். ஒட்டுப் போட்ட இடங்களும் நெடுந்தூர ஓட்டத்தின் சூட்டில் இளகக்கூடும். ரயரின் விலையோடு ஒப்பிட்டால் ரியூபின் விலை மிகச் சிறிது. ஆதலின், புதிய ரயருக்குப் புதிய ரியூப் என்பதை மாறா விதியாகக் கொள்க.

ரியூபிலும் ரயருக்குரிய அளவு பொறிக்கப்பட்டிருக்கும்; ஒரே ரியூப் அடுத்தடுத்த சில அளவுகளுக்குப் பொருந்துவதும் உண்டு. குறித்த அளவு அதிற் காணப்படாவிடின் வாங்கற்க. சிறிய ரியூபைப் பெரிய ரயருள் இட்டால், அது மிக விரிந்து மெலிந்துவிடும். ரியூப் செய்யப் பயன்படும் பொருளும் ஒன்றன்று. இயற்கை இறப்பர் இழுவைக்கும் கிழிவுக்கும் நன்கு ஈடுகொடுக்கும். ஆனால் காற்றை மெல்லக் கசியவிடும். பியூற்றைல் என்னும் செயற்கை இறப்பர் காற்றை நெடுநாள் பிடித்துவைக்கும். அன்றாடப் பாவனைக்குப் பியூற்றைல் ரியூபே ஏற்றது.

நாடாவையும் மறத்தலாகாது. கம்பிகளின் முனைகள் ரியூபைக் குத்தாதவாறு காப்பது றிம்மைச் சுற்றிய அந்த இறப்பர்ப் பட்டையே. ரயரைக் கழற்றிய வேளையில் அதனையும் கழற்றிப் பார்க்க வேண்டும். வெடித்தோ சுருண்டோ இருந்தாற் புதியது இடுக. றிம்மின் உட்புறம் கறள் பிடித்திருந்தாற் சுரண்டித் துப்புரவாக்குக. நீண்டு நிற்கும் கம்பி முனை இருப்பின் அரத்தால் அராவிச் சமமாக்குக. தளர்ந்த கம்பிகளை இறுக்கிச் சில்லின் கோணலை நிமிர்த்துவதற்கும் அதுவே தக்க சமயம்.

பூட்டும்பொழுது அருகே நிற்க

நல்ல ரயரும் நல்ல ரியூபும் வாங்கியவர், பூட்டும் வேலையைக் கராச்சில் விட்டுவிட்டுத் தேநீர் அருந்தச் செல்லலாகாது. வேலையாளை நம்பாமை காரணமாக இவ்வாறு கூறவில்லை; காணாதவர் கற்க இயலாது என்பதனாற் கூறுகின்றோம்.

கவனிக்க வேண்டியவை சிலவே. ரயரின் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். சில்லு முன்னோக்கி உருளும் திசையை அது காட்ட வேண்டும். சிறு மஞ்சட் புள்ளி ஒன்று இருப்பின் அது பெரும்பாலும் ரயரின் பாரம் குறைந்த இடத்தைக் காட்டுவது. அதனை வால்வுக்கு நேரே வைத்தல் வழக்கம். ரியூபிற் சிறிதளவு மாவுத்தூள் தடவி, சற்றே காற்றடித்து உருவம் பெறச் செய்து உள்ளே இடுவாராயின் மடிப்பு விழாது. நெம்புகம்பியைப் பலங்கொண்டு ஆழச் செலுத்துவாராயின் தடுத்து நிறுத்துக. புதிய ரியூபுகள் கிழிவது பெரும்பாலும் அக்கணத்திலேயே. காற்றடித்த பின் இருபுறமும் ரயர் விளிம்பை அடுத்து ஓடும் மெல்லிய கோடு, றிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் அமிழ்ந்தும் மற்றோரிடத்தில் எழுந்தும் இருப்பின் ரயர் செவ்வனே அமரவில்லை.

வால்வு நேராக நிற்கிறதா என்பதை அன்றும் பின்னரும் பார்த்துவருக. அது ஒருபுறம் சாயுமாயின், ரயரோடு ரியூபும் றிம்மில் நகர்கிறது என்பது பொருள். காற்றுக் குறைவே அதற்குப் பெரும்பாலும் காரணம். கவனியாது விட்டால் வால்வின் அடி அறுந்து காற்று முழுவதும் ஒருமிக்கப் போய்விடும். வால்வின் அடியிலுள்ள சுரையை றிம்மோடு சேர்த்து இறுக்கிவிட்டால் இந்நகர்வு கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் அதனைச் சற்றே தளர விடுக.

புதிய ரயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீற்றர் வரை வேகத்தையும் சாய்வையும் தடையையும் அளவோடு கையாளுக. காற்றின் அளவை வண்டியோடு வந்த கைந்நூலிற் கண்டவாறே வைக்க; பின்னால் ஒருவர் அமரும்பொழுது பின்சில்லுக்குக் கூடுதலாக வேண்டும் என்பதையும் அதிலேயே காணலாம். கிழமைக்கு ஒருமுறை, வண்டி ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கையில் அளந்து பார்க்க. காற்றுக் குறைந்த ரயரின் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக நெளியும், நெளிவாற் சூடேறும், சூட்டால் ரியூப் கெடும். ரியூப் வெடித்தது என்று வீதியைப் பழிப்போர் பலர். காற்றளக்கும் கருவியைத் தொட்டு மாதக்கணக்காயிற்று என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

காற்றுப் போகும் கணத்தில்

எத்துணைக் கவனமாக இருந்தும் ஒருநாள் ஆணி குத்தலாம். அக்கணத்திற் செய்ய வேண்டியதை முன்னரே மனத்திற் கொள்ளல் நன்று. கைபிடியை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றுக. பெற்றோற் பிடியை மெல்ல மூடுக. காற்றுப் போன சில்லின் தடையைத் தொடாது, மற்றைச் சில்லின் தடையை மென்மையாக அழுத்துக. வண்டியை நேராகச் செலுத்தியவாறே வேகம் தணிந்தபின் இடப்புறம் ஒதுங்குக. பின்னிருப்பவர் பதறி எழாது அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும் என்பதை வீட்டிலேயே சொல்லி வைக்க.

ரியூபுக்கு ஒரு நன்மையும் உண்டென்பதைக் கூறாது விடுதல் முறையன்று. பட்டினத்தை விட்டு நெடுந்தூரம் சென்றவிடத்தும், ஒட்டுப் போடத் தெரிந்த ஒருவரையும் ஒரு கைப்பம்பையும் நம் கிராமங்களிற் காணலாம். முன்னுக்கும் பின்னுக்கும் உரிய அளவில் ஒவ்வொரு புதிய ரியூபைப் பையில் வைத்திருப்பவர் எவ்வூரிலும் தங்கித் தவிக்க மாட்டார்.

ஆகவே, நம் அன்பருக்கும் அவர் போன்ற வாசகர்க்கும் நாம் கூறுவது இதுவே. குறித்த அளவு, குறையாத சுமை எண், அண்மைத் திகதி ஆகிய மூன்றும் பொருந்திய ரயரைக் கேளுங்கள். ரியூபுக்கென்று செய்யப்பட்டது கிடைப்பின் அதனையே கொள்ளுங்கள். அதனோடு புதிய ரியூபும், வேண்டுமாயின் புதிய நாடாவும் வாங்குங்கள். இவற்றுக்கெல்லாம் பணம் போதாதெனின் கைபிடியின் அலங்காரமும் தாங்கியின் வர்ணமும் இன்னும் ஓராண்டு காத்திருக்கட்டும். ஒருவர் வண்டியின் பின்னால் நம்பி ஏறி அமர்பவர் ரயரின் எண்ணைப் படித்துப் பார்த்து ஏறுவதில்லை; ஓட்டுபவர் படித்திருப்பார் என்ற நம்பிக்கையிலேயே ஏறுகின்றார். அந்நம்பிக்கைக்கு நாம் செலுத்தும் கடன், கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்வதே.